வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

மனநல ஆஸ்பத்திரியிலிருந்து குணமானவர்களை அனுப்புவதற்கு முன்னால், அவர்கள் போகப்போகும் வீட்டை நேரில் பார்ப்பதும் என் வேலைதான். போன வாரம் ஒரு பெண்ணுக்காக அவள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவள் அறைக்கதவில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

"எல்லாம் அவ நல்லதுக்குத்தாம்மா" என்று அண்ணன்காரன் குழைந்தான்.

"அப்ப உங்க ரூமுக்கும் ஒண்ணு போட்டுடலாமா சார்?" என்றேன்.

வந்திருந்த விருந்தாளிகள் பார்க்க, அவன் கையாலேயே அதைக் கழற்ற வைத்தேன். அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. எனக்கு மனசு குளிர்ந்தது. வேறு விசேஷமில்லை.

இங்கே பேச ஆளில்லை. அம்மாவின் பழைய சேலை ஒன்றை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், போர்த்திக்கொண்டு தூங்க.

அடுத்த மாதம் லீவில் வருகிறேன். நேரே அங்கிருக்கும் மனநல ஆஸ்பத்திரிக்குப் போய், பதினோரு வருஷமாக நீங்கள் எட்டிப் பார்க்காத உங்கள் தங்கையைக் கூட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவேன். அத்தை அறைக்கு வெளியே நீங்கள் அடித்த தாழ்ப்பாளை அதுவரை தொடாதீர்கள். சித்தப்பா, மாமா எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் முன்னால் கழற்றலாம்.

பஸ் வந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவர் நான் கொண்டு வருகிறேன்.

உங்கள் மகள்