ஆயிரத்து இருநூற்று நாற்பது திமிங்கிலங்கள்

மார்ச் 3, செவ்வாய்

மறுபடியும் குழுக் கூட்டம். கப்பல் முதலாளிகள் சார்பில் வந்தவர், கழுத்துப்பட்டையில் குட்டி நங்கூரங்கள் போட்டுக்கொண்டு வந்தவர், என்னைப் பார்த்துக் கேட்டார்: "பாதி நேரம் தண்ணிக்குள்ளயே கிடக்குற பிராணியை எப்படிம்மா எண்றீங்க? பேர் சொல்லிக் கூப்பிட்டா 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லுமா?" மேசையைச் சுற்றி ஒரே சிரிப்பு. இயக்குநரும் சிரித்தார். அவர் எதற்கும் தலையாட்டுவார், எவர் சிரித்தாலும் கூடச் சிரிப்பார். இந்த நோட்டில் அவருக்குப் பெயர் தலையாட்டி.

இந்த வருடத்தில் ஆறாவது தடவையாக விளக்கினேன். கடல் முழுவதையும் யாரும் எண்ணுவதில்லை. கப்பல் ஒரு நேர்க்கோட்டில் போகும். மேல்தட்டில் நிற்பவர்கள் ஒவ்வொரு திமிங்கிலமும் எவ்வளவு தூரத்தில், கோட்டிலிருந்து எத்தனை டிகிரி தள்ளித் தெரிந்தது என்று எழுதுவார்கள். அருகில் இருப்பதை விட்டுவிடுவது அபூர்வம். தள்ளிப் போகப் போக நிறைய விட்டுப்போகும். எவ்வளவு விட்டுப்போயிருக்கும் என்று கணக்கிட்டு மொத்தத்தைச் சொல்வதுதான் என் வேலை. நங்கூரக்காரர் "ஓஹோ" என்றார். ஒரு எழவும் புரியவில்லை என்பது முகத்தில் எழுதியிருந்தது.

இவர்களுக்கு வேண்டியதெல்லாம் ஓர் எண். நீரிணையில் திமிங்கிலங்கள் ஆயிரத்துக்கு மேல் இருந்தால் கப்பல்கள் இஷ்டம்போல் ஓடலாம். குறைந்தால் வேகத்தைப் பாதியாக்க வேண்டும், இல்லையென்றால் மோதிச் சாவது பிறப்பதைவிட அதிகமாகிவிடும். என் எண் ஆயிரத்து இருநூற்று நாற்பது. ஏப்ரலில் அச்சாகிறது. அச்சானதும் கணக்கெடுப்புப் பிரிவுக்கு நான்தான் தலைவி என்று தலையாட்டி தலையாட்டியிருக்கிறார்.

மார்ச் 8, ஞாயிறு

கீழ்வீட்டில் மதியச் சாப்பாடு. அக்கா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடாவிட்டால் திங்கட்கிழமை மாடி ஏறி வந்து காரணம் கேட்பாள்.

அத்தான் அளக்க ஆரம்பித்தார். ஐந்து கோடைகாலமாக நம் கணக்கெடுப்புக் கப்பலில் இடப்பக்கம் நின்று பார்க்கும் மேடை அவருடையது. ஓய்வுபெற்ற பள்ளி ஓவிய ஆசிரியர். கண் கூர்மை என்ற ஒரே தகுதியில் உள்ளே வந்தவர். நான் சிபாரிசு செய்யவில்லை. யாரும் அப்படி நினைத்துவிடக் கூடாது என்பதற்காக முதல் நாளே ஒரு விதி போட்டேன்: வீட்டில் அலுவலகப் பேச்சு கூடாது, சொல்ல வேண்டியதை எல்லாம் தாளில் எழுதுங்கள்.

எழுதினார், மகராசன். ஒவ்வொரு தாளின் கடைசியிலும் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. மற்றவர்கள் 'மூடுபனி' என்று ஒரு சொல் எழுதுவார்கள். இவர் கதை எழுதுவார். முதல் வருடம் ஒன்றைப் படித்தேன்: "காற்று அடங்கியது. சமையல்காரர் கோபமாக இருக்கிறார். பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்." பெரியவர் என்றால் திமிங்கிலமாம். அன்றே தட்டச்சு செய்பவரிடம் சொல்லிவிட்டேன், எண்களை மட்டும் ஏற்றுங்கள், அந்தக் கட்டம் வேண்டாம் என்று.

இன்றைக்கும் அரை மணி நேரம், ஏதோ ஒரு குட்டியின் கதை. கறிவேப்பிலையை ஒதுக்குவது போல ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

பதவி உயர்வுப் படிவம் நிரப்பினேன். 'மற்றவர்களுடன் இணைந்து பணியாற்றும் திறன்' என்ற கேள்விக்கு 'மிக நன்று' என்று எழுதினேன். வேறு யார் எழுதப் போகிறார்கள்.

மார்ச் 12, வியாழன்

நங்கூரக்காரருக்குப் புரியும்படி படம் வேண்டுமாம். ஐந்து வருடத் தரவையும் எடுத்து மேடைவாரியாகப் பிரித்து வரைந்தேன். இத்தனை நாள் இரண்டு மேடைகளையும் சேர்த்துத்தான் பார்த்திருக்கிறேன். அதுவும் கோட்டிலிருந்து முதல் நானூறு மீட்டரை ஒரே கட்டமாகத் தொகுத்து, அதனால் எதுவும் துருத்தித் தெரியவில்லை. பிரித்ததும் இடப்பக்கப் படத்தில் சைபர் இருக்கும் இடத்தில் விளக்குக் கம்பம் மாதிரி ஒன்று எழுந்து நின்றது.

அத்தான் பார்த்தவை நூற்று முப்பத்தொன்று. அதில் ஐம்பத்தெட்டுக்குக் கோணம் சைபர். அதாவது கப்பலின் மூக்குக்கு நேர் எதிரே. வலப்பக்க மேடையில் தொண்ணூற்று நான்கில் நாலே நாலு.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, முதலில் வந்தது சந்தோஷம். கூர்மையான கண்ணாம் கண்! மேடையில் இருக்கும் கோணப் பலகையில், திமிங்கிலம் இருக்கும் பக்கம் முள்ளைத் திருப்பி டிகிரியைப் படிக்கச் சோம்பல்பட்டு, 'நேரே' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அக்காவின் முன்னால் மூக்கை உடைக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் என் எண் ஞாபகம் வந்தது. தள்ளித் தெரிந்தவற்றை எல்லாம் கோட்டின் மேலேயே தெரிந்ததாக எழுதினால், நாம் அருகில் இருப்பதை மட்டும்தான் பார்த்தோம், தூரத்தில் இருந்தவற்றை எல்லாம் விட்டுவிட்டோம் என்று கணக்கு நம்பும். விட்டதாக நினைத்து இல்லாதவற்றைச் சேர்க்கும். என் ஆயிரத்து இருநூற்று நாற்பதில் எத்தனை உயிரோடு இருக்கின்றன?

மார்ச் 15, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

சாப்பாட்டின் நடுவே ஆரம்பித்தேன். "கோணம் எல்லாம் சைபர் சைபர்னு போட்டிருக்கீங்களே அத்தான், உங்களைப் பார்க்கணும்னே எல்லாத் திமிங்கிலமும் கப்பலுக்கு நேரா வந்து நின்னுச்சா?"

"வாயில சோறு இருக்கும்போது ஏன்டீ அவர்கிட்ட வம்பு வளர்க்கறே" என்றாள் அக்கா.

அத்தானுக்குக் கோபமே இல்லை. "வீட்டுல ஆபீஸ் பேச்சு கூடாதுன்னியே?" என்றார். இன்றைக்குப் பேசலாம் என்றேன்.

"அந்த முள்ளு லூசும்மா. பத்து டிகிரிக்குள்ள எங்க நிறுத்தினாலும் நடுவுல வந்து விழுந்துடும். முள்ளு காட்டறதை மட்டும் எழுது, சொந்த ஊகம் வேண்டாம்னு நீ சுற்றறிக்கை அனுப்பியிருந்தே. அதனால சைபர்னே எழுதிட்டு, நிஜமா எங்க இருந்துச்சுங்கறதைப் பக்கத்துல குறிப்புல எழுதிடுவேன். ஒண்ணு விடாம எழுதியிருக்கேன்." தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்: "நீ அதை வச்சுத்தானே திருத்திக் கணக்குப் போடறே, கணக்கம்மா?"

நான் ஆமாம் என்றேன்.

"கப்பல் முழுக்க இதே பெருமைதான்" என்றாள் அக்கா. "என் மச்சினி பெரிய படிப்பு படிச்சவ, ஆனா என் குறிப்பை ஒரு வரி விடாம படிப்பான்னு சொல்லிக்கிட்டுத் திரியறாராம்."

ஆமாம் என்றேனே. ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 16, திங்கள்

ஆவண அறை. ஐந்து பெட்டிகள். அறைக்காரர் தூசி தட்டிக் கொடுத்துவிட்டு, "இதை யாரும் கேட்டதே இல்லையே மேடம்" என்றார். தெரியும் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

எல்லாம் இருக்கிறது. சைபர் என்று எழுதிய ஐம்பத்தெட்டு தாளிலும் இருக்கிறது. கையை நேரே நீட்டி, கப்பலின் மூக்கில் நிற்கும் கம்பியிலிருந்து திமிங்கிலம் எத்தனை விரல் தள்ளி என்று அளந்திருக்கிறார். ஓவியர்கள் பென்சிலை நீட்டி அளப்பார்களே, அது மாதிரி.

"முள் விழுந்துவிட்டது. மூன்று விரல் இடது. சமையல்காரர் சமாதானம் ஆகிவிட்டார்."

"ஒன்றரை விரல் இடது. தாயும் குட்டியும். குட்டி அவசரப்பட்டு மூச்சு விடுகிறது."

"முள்ளை மாற்றச் சொல்லவும். நான்கு விரல் இடது."

மூன்றாம் வருடத்திலிருந்து எனக்கென்றே எழுதியிருக்கிறார். "கணக்கம்மா கவனிக்கவும்: சைபரைப் பார்த்து ஏமாறாதே, இரண்டு விரல்." இன்னொன்றில்: "நீ போன தடவை இருமிக்கொண்டிருந்தாய். டாக்டரைப் பார்த்தாயா? நான்கரை விரல் இடது."

ஐந்து வருடமாக ஒரு மனிதர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நான் அதைக் கதை என்று சொல்லிப் பெட்டியில் போட்டிருக்கிறேன். முள்ளை மாற்றச் சொல்லி மட்டும் பதினோரு தடவை.

மார்ச் 19, வியாழன்

கீழே போய் அத்தானின் கையை அளந்தேன். கண்ணிலிருந்து நீட்டிய விரல் வரை அறுபத்திரண்டு சென்டிமீட்டர். விரலின் அகலம் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. "சட்டை தைக்கப் போறியா?" என்றார். கணக்கைச் சரிபார்க்கிறேன் என்றேன். தொலைக்காட்சியில் ஓடுவது மறையாமல் இருக்க ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, கையை மட்டும் அசைக்காமல் நீட்டியே வைத்திருந்தார்.

அவருடைய ஒரு விரல் ஒன்றே முக்கால் டிகிரி. ஐம்பத்தெட்டையும் திருத்திக் கணக்கை ஓட்டினேன். எழுநூற்றுத் தொண்ணூறு. மறுபடி ஓட்டினேன், வேறு முறையிலும் ஓட்டினேன். எழுநூற்று எண்பத்தெட்டு.

ஆயிரத்தைத் தொடவே இல்லை.

மார்ச் 23, திங்கள்

தலையாட்டியிடம் சொன்னேன். முதல் தடவையாக அந்தத் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடியது.

"அடுத்த வருஷம் பார்த்துக்கலாமே" என்றார். அடுத்த வருடத்துக்குள் எத்தனை செத்து ஒதுங்கும் என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "சரி, திருத்தித்தான் ஆகணும்னா 'பார்வையாளர் பிழை'ன்னு போட்டுடுங்க. ஒரு வரி. உங்க பதவிக்கும் குந்தகம் இல்லை, ஆபீசுக்கும் கெட்ட பேர் இல்லை" என்றார். இருபது வருடத்தில் இந்த மனிதர் சொந்தமாக யோசித்த ஒரே யோசனை இதுதான். எவ்வளவு கேவலமான யோசனை!

நான் உடனே முடியாது என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றேன்.

மார்ச் 24, செவ்வாய்

ஒரு வரிதானே. பெயர்கூட வராது.

மார்ச் 25, புதன்

வராதுதான். ஆனால் இடப்பக்க மேடை என்று வரும். அந்த மேடையில் நின்றவர் யார் என்று கப்பலில் சமையல்காரருக்குக்கூடத் தெரியும். நான் எழுதி அச்சாகும் ஒவ்வொன்றையும் அத்தான் வாங்கிவந்து, புரியாவிட்டாலும், அடிக்கோடு போட்டு வைக்கிறார். அக்கா எப்போதோ காட்டினாள். ஓய்வுபெற்றவருக்குப் பொழுது போகவில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 27, வெள்ளி

எழுதி அனுப்பிவிட்டேன். தலையாட்டிக்கு மட்டும் அல்ல, குழுவில் உள்ள எல்லோருக்கும், அவர் தடுக்க நேரம் இல்லாதபடி.

'இடப்பக்கக் கோணப் பலகை பழுதாக இருந்தது. பார்வையாளர் அதை ஆரம்பத்திலேயே தெரிவித்து, சரியான அளவையும் ஒவ்வொரு தாளிலும் எழுதியிருக்கிறார். பகுப்பாய்வு செய்தவர் அந்தக் குறிப்புகளை ஐந்து ஆண்டுகளாகப் படிக்கவில்லை. திருத்திய மதிப்பீடு எழுநூற்றுத் தொண்ணூறு.' கீழே என் கையெழுத்து.

இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். இந்த அலுவலகத்தில் யார் யாரை மக்கு என்று எழுதி வைத்திருக்கிறேன் என்று ஒரு பட்டியலே போடலாம். அவர்களில் ஒருவர்கூட, ஒரு மனிதர் ஐந்து வருடம் எழுதியதைப் படிக்காமல் பெட்டியில் போட்டதில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

அச்சாகி வந்துவிட்டது. நீரிணையில் அடுத்த மாதத்திலிருந்து பாதி வேகம். நங்கூரக்காரர் கூட்டத்தின் நடுவில் எழுந்து போனார். கழுத்துப்பட்டை நாற்காலியில் மாட்டிக்கொண்டது. பிரிவுத் தலைமை வானிலைப் பிரிவிலிருந்து வந்த ஒருவருக்கு. அவருக்குத் திமிங்கிலம் மீனா இல்லையா என்பதில் இன்னும் சந்தேகம் இருக்கிறது.

ஏப்ரல் 26, ஞாயிறு

அத்தான் படித்துவிட்டார். நான் கீழே போனபோது அச்சுப் பிரதி மேசைமேல் இருந்தது. அடிக்கோடு எதுவும் இல்லை.

அக்கா பரிமாறினாள். பாதியில் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அஞ்சு வருஷமுமா?"

"ஆமாம் அத்தான்."

"அன்னிக்குக் கேட்டப்போ ஆமாம்னியே."

"பொய் சொன்னேன்."

"சரி" என்றார். எழுந்து கை கழுவப் போனார். அக்கா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

மே 30, சனி

கப்பல் கிளம்பிவிட்டது. அத்தான் போவாரோ மாட்டாரோ என்று இருந்தேன். போயிருக்கிறார். இந்தத் தடவை இரண்டு மேடைக்கும் புதுக் கோணப் பலகை. நானே துறைமுகத்துக்குப் போய், இருபது தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டச் சொன்னேன். தட்டச்சு செய்பவரிடம் இனிமேல் குறிப்புகளையும் ஏற்ற வேண்டும் என்று எழுத்தில் கொடுத்துவிட்டேன். "எல்லாத்தையுமா? சமையல்காரர் கதை எல்லாமுமா?" என்றார். எல்லாமும்தான் என்றேன்.

ஜூன் 12, வெள்ளி

முதல் பத்து நாளின் தாள்கள் கரைக்கு வந்தன. யாரிடமும் கொடுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு நானே உட்கார்ந்தேன்.

இடப்பக்க மேடை, இருபத்தாறு தாள். கோணம் ஏழு, பதினொன்று, நான்கு, இருபத்துமூன்று. எங்கும் சைபர் குவியவில்லை. தூரம், நேரம், கடலின் நிலை, எல்லாம் அழகான ஓவிய ஆசிரியர் கையெழுத்தில், ஒரு அடித்தல்கூட இல்லாமல். ஐந்து வருடத்தில் இவ்வளவு சுத்தமான தரவு என் கைக்கு வந்ததில்லை.

குறிப்புக் கட்டத்துக்கு வந்தேன். முதல் தாளில் ஒரு சிறு கோடு. எழுத ஒன்றும் இல்லை என்றால் அப்படித்தான் கோடு போட வேண்டும், விதியில் இருக்கிறது. இரண்டாவதிலும் கோடு. இருபத்தாறையும் புரட்டினேன், பின்பக்கமும் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கோடு, நேராக, ஒரே நீளத்தில்.

முள் காட்டுவதை மட்டும் எழுதச் சொன்ன என் சுற்றறிக்கை அவரிடம் கேட்டது இதைத்தான்.