பத்து நிமிடக் குறிப்பு

அன்புள்ள அக்கா,

இந்நேரத்தில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. சின்னவள் தூங்கிய பிறகுதான் பேனாவைத் தொட முடிகிறது. அவர் மாதம் ஒருமுறைதான் வந்துபோகிறார்.

மழலையர் ஆசிரியர் பயிற்சியில் இன்று ஒரு குழந்தையின் விளையாட்டைப் பத்து நிமிடம் கவனித்து எழுத வேண்டியிருந்தது. எனக்கென்று சொல்லியிருந்த குழந்தைக்குக் காய்ச்சல். அதே வகுப்பில் இருக்கும் நம் சின்னவளையே பார்க்கச் சொன்னார் டீச்சர். "பார்த்தத மட்டும் எழுதும்மா. நெனச்சத எழுதாத."

பொம்மை மூலையில் அவள்தான் அம்மா. பொம்மையை அலமாரிக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒரு புத்தகத்தை விரித்தாள்.

"கத்தாதடி. அம்மாவுக்குப் பரீட்சை. பத்துப் பக்கம் முடிச்சாத்தான் தொறப்பேன்."

பக்கத்துக் குழந்தை, "பாப்பா அழுவுதே!" என்றது.

"அழட்டும். அப்புறம் பிஸ்கட் குடுத்தா சரியாப் போயிடும்."

டீச்சர் சிரித்தார். "உங்க பொண்ணு என்னமா நடிக்கிறா!" நானும் சிரித்துவைத்தேன்.

எங்கள் குளியலறைக்கு வெளிப்பக்கமும் ஒரு தாழ்ப்பாள் உண்டு. நீ வந்தபோது பார்த்திருப்பாய்.

நாளைக் காலை தாளைக் கொடுக்க வேண்டும். பிஸ்கட் வரைக்கும் எழுதிவிட்டேன், ஒன்றையும் விடவில்லை. டீச்சர் என்ன கேட்டாலும் கேட்கட்டும். எழுதி முடித்ததும் போய் அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். சத்தத்தில் சின்னவள் விழித்துக்கொண்டாள். படுக்கையில் படுத்தபடியே, "வெளிய வரலாமாம்மா?" என்று கேட்டாள்.

பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம். அதுவரை எங்களோடு வந்து இருக்கிறாயா? சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கை