வயிற்றை மட்டும் தின்ற சுறா

வியாழன், மாசி 28. கிள்ளான்.

இன்று அதைப் பிடித்துவிட்டேன். முதுகுத் துடுப்பில் வெட்டு விழுந்த அந்தச் சுறா, மூன்று நாளாக என் வலையில் சிக்கிய மடவை மீன்களைக் கடித்துக்கொண்டிருந்தது. முழு மீனையும் தின்றிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். சினையும் கொழுப்புமாக இருக்கும் வயிற்றை மட்டும் தின்றுவிட்டு, தலையையும் வாலையும் எனக்கு விட்டுவைத்தது. பிள்ளை பெற்றுப் பத்து நாளாகியும் என் மனைவி செல்லத்துக்குப் பால் போதவில்லை. அவளுக்காகத்தான் நான் வலையே போட்டேன்.

சம்பான் படகில் கூட வந்த சவரிமுத்து அண்ணன் நேற்று சிரித்தார். "எதுல சத்து இருக்குன்னு அதுக்கு நல்லாத் தெரியும்லா, தம்பி."

தெரியுமா? அப்படியானால் சரி. இன்று ஒரு மடவையின் வயிற்றுக்குள் தூண்டில் முள்ளை வைத்துத் தைத்தேன். நேராக அங்கேதான் வாயை வைத்தது. சம்பானுக்குள் இழுத்துப் போட்டு அடித்தேன்.

"செத்துப்போச்சு தம்பி, விடுங்க." அண்ணன் என் கையைப் பிடித்தார். அதற்குப் பிறகும் இரண்டு அடி அடித்தேன். ஏன் என்று தெரியவில்லை.

அறுத்துப் பார்த்தால் உள்ளே என் மீன்களின் சினை, பாதி கரைந்து கிடந்தது.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறக் கொடுக்கும் பால்சுறாதான். செல்லத்தின் அக்கா நிறையப் பூண்டு போட்டுச் சுறாப்புட்டு செய்தாள். செல்லம் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இப்போது பக்கத்தில் பிள்ளை சப்பும் சத்தம் கேட்கிறது. குடி, மகளே. அந்தத் திருடன் நம்மிடம் தின்றதை ஒரு சொட்டு விடாமல் குடி.