படக்காரர்கள் நிறுத்திய வரிசை

தார்ன்விக், யார்க்‌ஷர்
14 அக்டோபர் 1998

அன்பு மகள் ஜில்லியனுக்கு அம்மா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நம் மீன் வறுவல் கடையை விற்கும் பத்திரத்தை உன் அண்ணன் க்ளைவ் உன் கையெழுத்துக்கு அனுப்பியிருப்பான். இதைப் படித்து முடிக்கும்வரை பேனாவைத் தொடாதே.

மேட்டுத் தெருவில் பீட்சாக் கடை வந்ததிலிருந்து நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம், ஊரே மீன் தின்னும் வெள்ளிக்கிழமையில்கூடப் பத்துப் பேர் வந்தால் அதிகம். அந்த நேரம் பார்த்து லண்டன் சினிமாக்காரர்கள் கடையை இரண்டு வாரத்துக்குக் கேட்டார்கள், நொடித்துப்போன மீன் வறுவல் கடையை ஒரு குடும்பம் தூக்கி நிறுத்துகிற சிரிப்புப் படமாம். விற்கப்போகிற கடைதானே என்று க்ளைவ் தலையாட்டிவிட்டான். அடுப்பை அணைத்துவிட்டு, படத்தில் மின்னட்டும் என்று தட்டில் வைத்த மீனுக்கு வார்னிஷ் அடித்தார்கள் ஜில்லி, வார்னிஷ்! அந்தப் பாவிகளை நான் மறக்கமாட்டேன்.

போன வியாழக்கிழமை கடைசிக் காட்சி. கடை பிழைத்துவிட்டதாம், அதற்காக நாற்பது துணை நடிகர்களைக் கடல் சுவர்வரை வரிசையாக நிறுத்தினார்கள். நம் ஊர்க்காரர்கள் வரிசையைக் கண்டால் சும்மா போவார்களா, என்ன ஏது என்று கேட்காமல் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களும் நின்றார்கள். டைரக்டர் ஓடிவந்து, "ஐயா, இது நிஜ வரிசை இல்லீங்க, சினிமா, வீட்டுக்குப் போங்க" என்று கெஞ்ச, தபால்காரர் பெர்சி, "தம்பி, நடுவுல பூராத, பின்னால போய் நில்லு" என்றார். காட்சி முடிந்து நடிகர்கள் கலைந்தார்கள், நம்மவர்கள் நெருக்கிக்கொண்டு முன்னே வந்தார்கள். க்ளைவ் கையைப் பிசைந்து, "எல்லாரையும் அனுப்பிடலாம்மா, அடுப்பே எரியல" என்றான். "நின்னவங்கள வெறுங்கையோட அனுப்பினா உங்கப்பா கல்லறையிலேர்ந்து எழுந்து வருவாருடா, துறைமுகத்துக்கு ஓடி மீன் வாங்கிட்டு வா" என்று விரட்டிவிட்டு மீன் பொரிக்க நானே மாட்டுக் கொழுப்பை உருக்கினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று, மழை வேறு, ஒருவர்கூட அசையவில்லை.

பதினேழாவதாக வந்து நின்றது யார் தெரியுமா, உன் மேவிஸ் அத்தை. உன் ஞானஸ்நான விருந்தில் பாதிரியார் காதுபட நம் மீனைப் பழசு என்றவள், அன்றிலிருந்து முப்பத்தேழு வருஷமாக நம் வாசலை மிதிக்காதவள். "இன்னிக்குப் பிடிச்சதா ஹில்டா?" என்று கேட்டாள். "இல்ல மேவிஸ், உனக்குன்னே முப்பத்தேழு வருஷமா எடுத்து வச்சது" என்று இருப்பதிலேயே ஒல்லியான வால் துண்டாகப் பார்த்துக் கொடுத்தேன். தின்றுவிட்டு மறுபடி கடைசியில் போய் நின்றாள். அதற்காக நான் மன்னித்துவிட்டேன் என்று அவளுக்கு எழுதிவிடாதே.

வெள்ளியும் சனியும் சினிமா இல்லாமலே வரிசை நின்றது. இது எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியாது, அவர்கள் படத்தில் வருவதுபோல் ஒரே நாளில் கடை நிமிர்ந்துவிடாது. ஆனால் நேற்று க்ளைவ் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் உருளைக்கிழங்குக்காரரிடம் கிறிஸ்துமஸ் வரைக்கும் மூட்டை சொல்லிவிட்டான். அவனுக்கு மனசு மாறிவிட்டது, கடையை வாங்க வந்தவரிடம் அதைச் சொல்லத்தான் வெட்கம். அதனால் நீ கையெழுத்துப் போடாதே, தங்கச்சி முரண்டு பிடிக்கிறாள் என்று அவன் சொல்லிக்கொள்ளட்டும். திட்டு அவ்வளவு தூரம் வந்து சேராது.

கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், பிள்ளைகளுக்குப் போட்டுவிடு. கர்த்தர் உங்கள் எல்லோரையும் காப்பாராக.

உன் அம்மா
ஹில்டா