குழிக்கு நாலு விதை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிண்ணா, சரிண்ணா" என்று தலையாட்டிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விடுகிறாய். நீ தலையாட்டுவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. காகிதத்தில் எழுதினால் கடைசி வரி வரை படித்தாக வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

உன் அண்ணி காலை ஆறு மணிக்கே ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிவிடுகிறாள். ஏழரைக்குப் பாப்பா பள்ளிக்கூடம் போய்விடுகிறாள். அதற்குப் பிறகு இந்த மூன்றாவது மாடியில் நானும் துணி துவைக்கிற மெஷினும்தான். அது சுற்றி முடித்ததும் ஒரு சத்தம் கொடுக்கும். நான் எழுந்து போய்த் துணியை எடுத்து உலர்த்துவேன். இருபத்திரண்டு வருஷம் விதைக்கடை நடத்தியவனுக்கு இப்போது முதலாளி அந்த மெஷின்.

இந்தக் கூத்துக்கு நடுவில் ஒரு நல்ல செய்தி. பத்து நிமிட நடையில் ஒரு பொதுத்தோட்டம் இருக்கிறது. நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, கேட்பவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு விடுகிறார்கள். நம் கடையும் கிடங்கும் சேர்ந்த அளவுக்கு எனக்கு ஒரு துண்டு கிடைத்தது. நிபந்தனை ஒன்றுதான். இரண்டு மாதம் கழித்துத் தோட்டச் செயலாளர் வந்து பார்ப்பார். பாதி நிலத்திலாவது பச்சை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மேலும் ஒரு மாதம் தவணை. அப்போதும் வெறும் மண்ணாகக் கிடந்தால் அடுத்து காத்திருக்கும் ஆளுக்குப் போய்விடும். செயலாளர் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு அம்மாள். சிரித்த முகம்தான், ஆனால் கையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கிறது. நான் விதை வியாபாரி, என் துண்டைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாளே மூக்குடைபட்டேன். இங்கே விதைக்கென்று கடை கிடையாது. பெயின்ட் டப்பாவுக்கும் ஆணிக்கும் நடுவில் ஒரு கம்பித் தட்டில் பளபளவென்று கவர்களை மாட்டி வைத்திருக்கிறார்கள். கவர் பெரிது, உள்ளே எட்டே விதை. நாம் படியால் அளந்து கொடுத்ததை இவர்கள் எண்ணிக் கொடுக்கிறார்கள். அங்கே நின்ற பெண் எந்த நிறத்தில் பூ வேண்டும் என்று கேட்டாள். காய் வேண்டும் என்றேன். புடலங்காய்க்கு அவர்கள் பாஷையில் என்ன பெயர் என்று தெரியாமல் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் இருக்கிற பக்கம் என்னை அழைத்துப் போனாள். என் வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்வது.

ஆகவே நீதான் அனுப்ப வேண்டும். வெண்டை, அவரை, கொத்தவரை, பீர்க்கு, புடலை, பாகல். வரும்போது பெட்டியில் கொண்டுவந்ததை எல்லாம் விமான நிலையத்தில் ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு குப்பையில் போட்டது உனக்குத் தெரியும். அந்த அநியாயம் மறுபடி நடக்கக் கூடாது. விவசாய அலுவலகத்தில் விதையைக் காட்டி, பூச்சியும் நோயும் இல்லை என்று சான்றிதழ் வாங்கி உள்ளே வைத்து அனுப்பு. நாலு நடை அலைய வைப்பார்கள். அலைந்து வாங்கு. விலை என்ன என்று நான் கேட்கப் போவதில்லை, நம் கடைதானே.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது, உன்னிடம் மறைப்பானேன். எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை, நான் மட்டும் திரும்பிப் போய்க் கடையைப் பார்க்கிறேன் என்று போன மாதம் உன் அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "ஒரு பருவம் பாருங்க. அப்பவும் ஒட்டலைன்னா கிளம்புங்க, நான் தடுக்கமாட்டேன்" என்றாள். தடுக்கமாட்டேன் என்று அவள் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் மாமனார் விதைக்கு வந்திருந்தபோது, கடையில் என் மேசை இருந்த இடத்தில் இல்லை என்று பார்த்தாராம். எங்கே நகர்த்தினாய் என்று நான் கேட்கவில்லை. விதையைச் சீக்கிரம் அனுப்பு.

இப்படிக்கு,
அண்ணன்

*

தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. அனைவரும் நலம். நலத்தைத் தவிர இங்கே வேறொன்றும் நன்றாக இல்லை.

நீ அனுப்பிய பார்சல் பிரிக்கப்படாமல் வந்து சேர்ந்தது. சான்றிதழில் மூன்று முத்திரை இருந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் பார்சல் கொண்டுவந்த ஆளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அவர் பயந்துபோய் நின்றுகொண்டே குடித்தார். வழக்கம்போல் பாதி விதையை மறு விதைப்புக்கென்று எடுத்து வைத்துவிட்டு, மீதிப் பாதியை ஊன்றினேன். கோடு பிடித்து, குழி எடுத்து, குழிக்கு ஒரு விதை. நல்ல விதைக்குக் குழிக்கு ஒன்று போதும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பாப்பா ஒவ்வொரு வரிசைக்கும் குச்சி நட்டு, கலர் பென்சிலில் காய்ப் பெயர் எழுதினாள்.

பத்து நாள் பார்த்தேன். பதினைந்து நாள் பார்த்தேன். அங்கங்கே ஒன்றிரண்டு வெண்டை தலை நீட்டியது, அவ்வளவுதான். மண் குளிர்ச்சியாக இருக்கிறதோ என்று பழைய போர்வையைக் கொண்டுபோய் மூடினேன். அதன் பிறகு தட்டுகளில் மண் நிரப்பி விதை போட்டு, குளியலறையில் சூடு வரும் குழாய்மேல் அடுக்கினேன். மூன்று நாளாக உன் அண்ணி தட்டுகளைத் தாண்டித் தாண்டிக் குளித்தாள். அதிலும் ஒன்றுமில்லை.

பக்கத்துத் துண்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் அலட்சியமாகத் தூவிவிட்டுப் போன பீன்ஸ் மதில்மேல் ஏறுகிறது. என் பாத்தியைப் பார்த்து, அழுத்தித் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று கையால் ஜாடை காட்டுகிறார். எனக்கு. விதைக்காரனுக்கு பஸ் டிரைவர் பாடம் எடுக்கிறார், நான் தலையாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நேற்று செயலாளர் அம்மாள் வந்தார். பாப்பாவின் குச்சிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். எழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டினார். நோட்டில் ஏதோ குறித்துவிட்டு, இன்னும் ஒரு மாதம் என்று விரலைக் காட்டினார். பாப்பா வீட்டுக்கு வந்து கலர் பென்சிலை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். அவளுக்கு முன்னால் எனக்கு அவமானமாக இருந்தது.

நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். மூட்டையைக் கிடங்கில் ஈரச் சுவரோரம் வைத்தாயா? அலுவலகத்தில் மருந்துப் புகை போட்டார்களா? வெயிலில் காயவிட்டாயா? மண் காரணமில்லை, பஸ்காரரின் பீன்ஸ் அதே மண்தான். முளைகட்டிப் பார்க்காமல் ஊன்றியது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம் கடை விதையை நானே சோதித்துப் பார்ப்பதா? நோயில்லை என்று சான்றிதழ் சொல்கிறது. உயிர் இருக்கிறதா என்று அதில் ஒரு வரி இல்லை.

விமான டிக்கெட்டை நானே விசாரித்து வைத்திருக்கிறேன். மேசையைப் பழைய இடத்தில் போடும்படி நேர்ந்தாலும் நேரும்.

அண்ணன்

*

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. போன கடிதத்துக்குப் பதில் எழுதாமல், போனையும் எடுக்காமல் இருக்கிறாய். ஏனென்று எனக்கு இப்போது தெரியும்.

அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட மூன்றாம் நாள், எடுத்து வைத்த பாதியை முளைகட்டிப் பார்க்கலாம் என்று வெண்டைப் பொட்டலத்தைத் தட்டில் கொட்டினேன். விதையோடு நாலாக மடித்த ஒரு சீட்டு விழுந்தது. பிரித்தேன். சிவப்பு மையில் பெருக்கல் குறி. மூலைச் சாக்குச் சீட்டு.

தேதி கடந்துபோன விதையைக் கொட்டிவிடாமல் இந்தக் குறி போட்ட சீட்டோடு மூலைச் சாக்கில் சேர்த்து வைத்து, விலை கொடுக்காமல் கேட்டு வரும் சொந்தக்காரர்களுக்கு அதிலிருந்து அள்ளிக் கொடுப்பது நம் கடை வழக்கம். அதை எனக்கே செய்துவிட்டாய். கூடப் பிறந்தவன், கடைச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வந்தவன், உனக்கு ஓசிச் சொந்தக்காரனாகிவிட்டேன். சாயங்காலம் உன் அண்ணி வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சீட்டை மேசைமேல் வீசி உன்னைக் கண்டபடி திட்டித் தீர்த்தேன். நீ நினைத்துப் பார்க்காத வார்த்தை எல்லாம் சொன்னேன்.

அவள் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே, "எங்கப்பாவுக்குப் பதினாலு வருஷமா அந்தச் சாக்குலேருந்துதானே அள்ளிக் குடுத்தீங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். கல்யாணமான அடுத்த வருஷமே ஒரு சீட்டு அவள் அப்பா கைக்குப் போய்விட்டதாம். விதைக்காரர் வீட்டு சம்பந்தம், அவருக்குப் புரியாமல் இருக்குமா. "அப்பாதான், மாப்பிள்ளைகிட்ட கேட்டுடாதே, அவர் மனசு கஷ்டப்படும். குழிக்கு நாலு போட்டா ஒண்ணு வந்துடும்னு சொன்னார். இன்னிக்கு வரைக்கும் குழிக்கு நாலுதான் போடறார்" என்றாள். பிறகு டப்பாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு உடை மாற்றப் போனாள்.

ஒவ்வொரு முறை மாமனார் கடைக்கு வந்தபோதும், போன தடவை எப்படி வந்தது என்று கேட்பேன். "மண்ணுல ஏதோ குறை மாப்பிள்ளை" என்பார். எரு போதவில்லை, தண்ணீர் விடும் நேரம் சரியில்லை என்று என் மேசையில் உட்கார்ந்துகொண்டு அவருக்குப் பாடம் நடத்துவேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பொட்டலத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போவார். அந்தப் பஸ்காரர் முன்னால் நான் தலையாட்டிக்கொண்டு நின்றது எவ்வளவோ மேல். பஸ்காரர் எனக்குச் செத்த விதை கொடுத்துவிட்டுப் பாடம் எடுக்கவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது. ஆனால் விலை கேட்காமல் பட்டியல் போட்டவன் நான். யோசிக்காமலே உன் கை அந்த மூலைக்குப் போயிருக்கும். அந்தக் கையைப் பழக்கியவனும் நான்தான். அதனால் போனை எடு.

நடந்ததைச் சொல்கிறேன். நூறு விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். இருபத்துமூன்று முளைவிட்டது. மறுநாள் உன் அண்ணிக்கு விடுமுறை. கூப்பிடாமலே தோட்டத்துக்கு வந்தாள். நான் குழி எடுத்தேன், பாப்பா ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ண, அவள் போட்டுக்கொண்டே வந்தாள். விதை போட அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு ஆழம், எவ்வளவு மண் தள்ள வேண்டும் என்று அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. பதினாலு வருஷத்தில் அவள் விதை ஊன்றி நான் பார்த்ததே இல்லை.

நேற்று செயலாளர் அம்மாள் வந்தார். வெண்டையும் கொத்தவரையும் பாதிக் குழிக்கு மேல் பிடித்துவிட்டன. அவரை கொடி விட ஆரம்பித்திருக்கிறது. பீர்க்கும் பாகலும் அரைகுறை. புடலை ஒன்றுகூட வரவில்லை, அதற்கு உன்னை மன்னிக்கக் கொஞ்ச நாளாகும். அம்மாள் நடந்து பார்த்துவிட்டு நோட்டில் சரி போட்டார். துண்டு இந்த வருஷத்துக்கு என்னுடையது. நான் வரவில்லை தம்பி. மேசையை நீ எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்.

நீ எனக்காக இரண்டு காரியம் செய்ய வேண்டும். மூலைச் சாக்கை வெளியே இழுத்துப்போட்டுக் கொளுத்து. பெயருக்கு இரண்டு படி வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே.

அப்புறம் என் மாமனார் வீட்டுக்கு நீயே நேரில் போ. ஆளிடம் கொடுத்தனுப்பாதே. இந்த வருஷத்து விதையில் எது முதல்தரமோ அதைப் பிரிக்காத பையோடு கொண்டுபோய்க் கொடு. நான் என்ன சொல்லி அனுப்பினேன் என்று கேட்டால் ஒன்றும் சொல்லாதே. எனக்கே என்ன சொல்வதென்று தெரியவில்லை. முடிந்தால் அவர் ஊன்றும்போது கூட இரு. பழக்கத்தில் குழிக்கு நாலு போடுவார். தடுக்காதே, போடட்டும். நாலும் முளைக்கும். நெருக்கமாக வந்த நாற்றில் மூன்றைப் பிடுங்கி எறிகிற வேலை, அது அவருக்கு ஒருமுறையாவது கிடைக்கட்டும்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

அன்புடன்,
அண்ணன்