ஒரு காது மட்டும்

திருமானூர்,
9.2.2003

தம்பி அருள்முருகனுக்கு அக்கா பரிமளா எழுதுவது.

நாங்கள் இங்கே நலமாக இல்லை. நீ நலமா என்று கேட்கவும் இன்றைக்கு எனக்கு மனசில்லை. போன் செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். இதைக் கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழி.

கோயிலில் நடந்ததை நீ பெரம்பலூரில் எப்படிச் சொல்லிக்கொண்டு திரிகிறாய் என்று காதுக்கு வந்தது. நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். காது குத்த என் பெண் பிரவீணாவை மடியில் வாங்குவதற்கு முன்னால் நீ தூணுக்குப் பின்னால் போய், இடுப்பில் இருந்த துப்பாக்கியை எடுத்துத் துண்டில் சுற்றி, சீர் கொண்டுவந்த கட்டைப்பையில் வைத்திருக்கிறாய். கற்கண்டும் பேரீச்சம்பழமும் இருந்த பை. அத்தனை பிள்ளைகளின் கண்ணும் காலையிலிருந்து அந்தப் பைமேல்தான்.

வலது காதைக் குத்தியதும் பாப்பா வீறிட்டாள். மேளச் சத்தத்தில் யாரும் யாரையும் கவனிக்கவில்லை. கற்கண்டு எடுக்கப் போன அவள் அண்ணன் மகேஷ் இரண்டு கையாலும் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, காது குத்துகிற பத்தருக்கு நேரே நின்றான். "பாப்பாவ அழ வக்காத, சுட்டுப்புடுவேன்" என்றான். ஐந்து வயசுப் பிள்ளை. தீபாவளிக்குப் பொட்டுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்து, எப்படி இழுப்பது என்று சொல்லிக் கொடுத்ததும் நீதான். பத்தர் சாமிதுரை குனிந்திருந்தார், அவர் முகத்துக்குக் கீழே என் பெண், அவளுக்குப் பின்னால் நீ. சுட்டிருந்தால் யார்மேல் பட்டிருக்கும் என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் பூமாலை சித்தப்பா பின்னாலிருந்து அவன் கையைப் பிடித்துத் தரைப்பக்கம் திருப்பி வாங்கவில்லை என்றால், இந்தக் கடிதமே இல்லை. ஏட்டாக இருந்து ரிட்டையர் ஆனவர், அதைத் திறந்து குண்டுகளைக் கையில் கொட்டினார். நீ காலி என்றாய். அத்தனையும் உள்ளேதான் இருந்தன. "இடுப்புல கட்டிக்கிட்டு வந்தா அது இடுப்பவுட்டு எறங்கக் கூடாது. இல்லைன்னா வூட்டுலயே பூட்டி வச்சிட்டு வரணும். பழப் பையில போடறவனுக்கு எதுக்குடா லைசென்ஸ்?" என்று அவர் கேட்டார்.

பதிலுக்கு என்ன செய்தாய்? பாப்பாவைப் பாயில் கிடத்திவிட்டு மகேஷைக் கன்னத்தில் அறைந்தாய். சித்தப்பா கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, பந்தியில் கூட உட்காராமல் காரில் ஏறிப் போனாய். பத்தர் ஊசியைத் துணியில் சுருட்டி வைத்துவிட்டார். இன்னொரு காது அப்படியே நின்றுபோயிற்று.

குத்திய காது முதலில் சீழ் வைத்தது, மஞ்சள் எண்ணெய் போட்டு இப்போது தேவலை. மகேஷுக்குத்தான் ஆறவில்லை. கரும்பு வெட்ட ஆள் கூட்டிவந்த வேன் ஆரன் அடித்ததும் உன் கார் என்று நினைத்துக் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டான். மாமா என்னை ஏன் அடித்தார் என்று கேட்கிறான். நீயே சொல், என்ன சொல்லட்டும்?

குவாரித் தகராறில் உன்னை வெட்டியவன் ஜாமீனில் வெளியே திரிகிறான் என்பது எனக்கும் தெரியும். அதற்காக உன் உயிர் வெல்லம், என் பிள்ளைகள் உயிர் வேப்பங்காயா? பங்குனிக்குள் அடுத்த காதைக் குத்தியாக வேண்டும். துப்பாக்கியை உன் வீட்டு பீரோவில் வைத்து, குண்டை வேறு இடத்தில் பூட்டிவிட்டு, வெறும் இடுப்போடு வா. மகேஷைக் கூப்பிட்டு, அடித்தது தப்பு என்று சொல். முடியாதென்றால் சித்தப்பா மகன் தங்கசாமி மடியில் வைத்துக் குத்துவேன். இது மிரட்டல்தான்.

அக்கா,
பரிமளா


பெரம்பலூர்,
17.2.2003

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டுத்தான் கிழித்தேன்.

குழந்தை முதுகில் இடிக்கக் கூடாது என்றுதான் எடுத்து வைத்தேன். அதுவும் குற்றமா? அடுத்தவன் பையில் கை விடக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காமல் என்னைக் கேட்கிறாய். சித்தப்பா அத்தனை சனத்துக்கு நடுவில் குண்டைக் கொட்டி என் மானத்தை வாங்கினார். அது உனக்கு இனிக்கிறது. மச்சானும் வாயில் கொழுக்கட்டையோடு நின்றார்.

என்னை எங்கே வைத்து வெட்டினான் என்பதை வசதியாக மறந்துவிட்டாய். கல்யாணப் பந்தலில், இலைக்கு முன்னால். ஆஸ்பத்திரியில் என் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதது நீதான். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தான். உன் கோயிலுக்கு எந்த வழியாக, எந்த நேரத்தில் வருவேன் என்று பத்திரிகை அடித்து ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, வெறும் இடுப்போடு வா என்கிறாய்.

அது இல்லாமல் நான் வாசற்படி தாண்ட மாட்டேன். தங்கசாமி மடியிலேயே வைத்துக் குத்திக்கொள். சீரும் கிடையாது, மாமனும் கிடையாது. இனி எழுதாதே.

அருள்முருகன்


திருமானூர்,
24.3.2003

அருள்முருகனுக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். கடைசியில் தம்பி என்று நீ போடவில்லை. நானும் மேலே போடவில்லை. சரிக்குச் சரி.

நேற்று நாள் குறித்துக் கோயிலுக்குப் போனோம். உன்மேல் உள்ள ஆத்திரத்தில், நீ சொன்னதையே செய்து காட்டுவது என்று போனேன். நீ வரவில்லை என்பதை இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பத்தர் ஊசியை எடுத்தார். உன் பேர் இந்த ஊரில் அப்படி இருக்கிறது. தங்கசாமி புது வேட்டி கட்டி, கையில் ஒன்றும் இல்லாமல், இடுப்பில் ஒன்றும் இல்லாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் நின்றேன். மடியில் இறக்க முடியவில்லை. நல்ல நேரம் முடியப் போகிறது என்று உன் மச்சான் அதட்டினார். பாப்பா அழவில்லை, நான்தான் அழுதேன். எல்லாரும் பார்த்திருக்க வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் அவர் திட்டிக்கொண்டே வந்தார். தங்கசாமி மூஞ்சியில் விழிக்கவே வெட்கமாக இருக்கிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மகேஷை அடித்த கையை நான் மறக்க மாட்டேன். அந்தச் சனியனைக் கட்டிக்கொண்டு வந்தால் என் வீட்டுக் கதவு திறக்காது. இதில் மாற்றம் இல்லை.

ஆனால் மாமன் செத்துப்போன பிள்ளையைத்தான் அடுத்தவர் மடியில் உட்கார வைப்பார்கள். பந்தலில் ரத்தத்தோடு கிடந்த உன்னைப் பார்த்தவள் நான். நீ உயிரோடு இருக்கும்போதே என் கையால் அதைச் செய்ய என்னால் ஆகவில்லை. என் பெண்ணுக்கு மாமன் இருக்கிறான். பார்க்கிறவர்கள் சிரித்தாலும் அவள் ஒரு காதோடு இருக்கட்டும்.

கேஸ் முடிந்து உன்னை வெட்டியவன் உள்ளே போகட்டும், இல்லை உனக்கு வேறு வழி பிறக்கட்டும். ஒரு வருஷம் ஆனாலும் சரி, அவள் பள்ளிக்கூடம் போகிற வயசானாலும் சரி. வெறும் இடுப்போடு வந்து உட்கார். அதுவரைக்கும் செத்துக் கித்துத் தொலைக்காதே.

அக்கா,
பரிமளா