கடலுக்குப் போன மரம்

இன்று காலை என் அலுவல் அறை முழுவதும் கருவாட்டு வாடை. பள்ளியில் மகளைச் சேர்க்க வந்த யாரோ ஒருவர் ஓலைப்பெட்டியை வராந்தாவில் மறந்துவிட்டுப் போயிருக்கிறார். பியூன் மூக்கைச் சுளித்துக்கொண்டு சன்னல்களைத் திறக்கப் போனான். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். போன மழைக்காலத்தில் நீ இறந்துவிட்டதாகத் தூத்துக்குடியிலிருந்து செய்தி வந்த நாளில், நான் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வகுப்புக்குப் போனேன். இன்று அப்படி எழுந்து போக முடியவில்லை.

உன்னை நான் முதலில் அறிந்ததே இந்த வாடையால்தான். பாளையங்கோட்டையில், நாலாம் பாரத்துக்கான சேர்க்கைத் தேர்வு அன்று, பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். நீயும் கூடவே தள்ளி வந்து, “எனக்கு இங்கன எழுத இடம் காணலியே” என்றாய். ஐரோப்பாவில் முதல் சண்டை தொடங்குவதற்கு முந்தின ஆண்டு அது.

மிஷன் நடத்திய பள்ளி. சர்க்கார் உதவியும் உண்டு. எந்தச் சாதிப் பிள்ளையும், எந்த வேதத்துப் பிள்ளையும் தேர்வு எழுதலாம். ஆனால் இடங்கள் கொஞ்சம்தான். ஒரு பாடத்தில் தவறினாலும் கதவு மூடிவிடும். உவரியிலிருந்து வந்த நீ, வேறு சபைப் பள்ளி என்ற உங்கள் ஊர்க் கத்தோலிக்கச் சாமியாரின் மனத்தாங்கலையும் மீறி வந்திருந்தாய். என் கதை வேறு. அப்பா தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. “தேறினா படி. தேறலைன்னா தையில கல்யாணம்” என்று சொல்லியிருந்தார். மாப்பிள்ளையும் தயாராக இருந்தார்: அம்பாசமுத்திரத்தில் மனைவியை இழந்திருந்த என் தாய்மாமன். நான் தேற வேண்டும் என்பதற்காக அப்பாவே பசு, ஆறு, மரம், ரயில்வண்டி என்று வியாசங்களை எழுதிக்கொடுத்து ஒப்பிக்கவைத்தார். அவரும் பாவம், இரண்டு பக்கமும் ஆசைப்பட்டார்.

வியாசத் தலைப்பு ‘மரம்’ என்று கரும்பலகையில் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. மரம் நமக்கு நிழல் தரும், காய் தரும், கனி தரும் என்று ஒரே மூச்சில் எழுதி முடித்தேன்.

முடிவு சொல்வதற்காக எங்களையெல்லாம் வரவழைத்திருந்தார்கள். தேறியவர்கள் பட்டியலில் என் பெயரும் இருந்தது. தமிழ்ப் பண்டிதர் உன் தாளை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“ஒரு பிள்ளையோட மரம் விடியமுன்ன கடலுக்குப் போகுதாம். திரும்பி வந்து மணல்ல வெயில் காயுதாம். இனி நம்ம பள்ளிக்கூடத்து வேப்பமரம் எந்த ஊருக்குக் கிளம்பப் போகுதோ!”

எல்லோரும் சிரித்தோம். நீ எழுந்து நின்றாய்.

“எங்க ஊர்ல மரம்னா அதான் ஐயா.”

“அது கட்டுமரம்ட்டி.”

“கட்டுமரம்னு வெளியூர்க்காரங்க சொல்லுவாவ. எங்க அப்பா மரத்துக்குப் போறேன்னுதான் சொல்லிட்டுப் போவாவ. நனைஞ்ச மரம் கனக்கும். கயித்துக்கட்டை அவிழ்த்துக் காயப்போடலைன்னா மறுநாள் மிதக்காது. அதைத்தான் எழுதியிருக்கேன்.”

பண்டிதர் கெட்டவர் அல்லர். கேட்ட தலைப்பை விட்டு எழுதினால் சுழிதான், இன்று ஒருத்திக்காக வளைந்தால் நாளைக்குத் தரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இராது என்றார். இத்தனை வருஷம் தேர்வுத்தாள்களோடு மல்லுக்கட்டிய எனக்கு இன்று அவர் கட்சியும் புரிகிறது. தலைமையாசிரியையான வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவோ உன் கணக்குத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கில் நீதான் முதல். “ஏழைப் பிள்ளை. இவளுக்கு இரக்கம் பாராட்டி ஏற்றுக்கொள்வோம்” என்றார், வேதப் புத்தகத் தமிழில்.

வாசலோரம் நின்ற உன் அம்மா கும்பிட்டார். நீ கும்பிடவில்லை.

“இரக்கம் வேண்டாம் அம்மா. வேற தலைப்பு தாங்க, எழுதுதேன்.”

உன் அம்மா ஓடிவந்து உன் கையைக் கிள்ளினார். “வாயை மூடுட்டி. கிடைச்சதைக் கெடுக்காத.”

“இன்னைக்கு வாங்கிக்கிட்டா, படிச்சு முடிக்கிற மட்டும் இரக்கத்துல வந்தவள்னுதான் என்னைச் சொல்லுவாவ. எழுதித் தேறலைன்னா ஊருக்கே வந்திருதேன்.”

மிஸ்ஸியம்மா மற்றப் பிள்ளைகளின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு, “பண்டிதரே, எல்லா மரங்களும் ஒரே வரிசையில் நிழல், காய், கனி தருகின்றனவே. இது எப்படி?” என்று கேட்டார். கேலி செய்கிறாரா, உண்மையாகவே கேட்கிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பண்டிதரின் முகம் மாறியது. அவர் தாள்களை வாங்கிப் பார்த்தார். கடைசியில் அவரேதான் சொன்னார்: “அப்ப எல்லாரும் எழுதட்டும். இவளுக்கு மட்டும்னா அதுவும் சலுகைதான்.”

கைக்கு வந்த இடம் போகிறது, அம்பாசமுத்திரம் வருகிறது. உன் காதருகே சீறினேன்: “ஏட்டி, உன்னால எல்லாரும் கெட்டோம்.” நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கோபமில்லை உனக்கு. “தெரிஞ்சதை எழுதேன். பைய யோசி” என்றாய்.

பண்டிதர் கரும்பலகையில் ‘பாய்’ என்று எழுதினார். இதில் எவளும் கடலுக்குப் போக முடியாது என்று நினைத்திருப்பார். நீ மறுபடியும் எழுந்தாய்.

“ஐயா, படுக்கிற பாயா, மரத்துல காத்துப் பிடிக்கிற பாயா?”

“உனக்கு எல்லாம் கடலுக்குத்தான் போகுமாட்டி?”

“நீங்க சொல்லுத பாய் தரையிலயே கிடக்கே ஐயா. அதை வச்சு நான் என்ன செய்ய?”

மிஸ்ஸியம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு பண்டிதரும் சிரித்துவிட்டார். “எந்தப் பாயை வேணும்னாலும் எழுதுங்க. கண்ணால கண்டதா இருக்கணும்” என்றார்.

என் தலைக்குள் பசுவும் ஆறும் ரயிலும் ஓடின; பாய் இல்லை. மற்றவர்களின் பேனாக்கள் கீச்சிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அம்மாவின் பத்தமடைப் பாய் நினைவுக்கு வந்தது. கல்யாணத்துக்கு வந்த சீர் அது. சுருட்டி உயரத்தில் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். பெரிய விருந்தாளிகளுக்குக்கூட எடுக்கமாட்டாள். எனக்கு ஒரு தடவை காய்ச்சல் கண்டபோது, ஏறி அதை அவிழ்த்து விரித்து என்னைக் கிடத்தினாள். குளுகுளுவென்று இருந்தது. அம்மா அந்தப் பாயை எடுத்ததைப் பார்த்துத்தான் நான் பிழைப்பது சந்தேகம் என்று தெரிந்துகொண்டேன். இவ்வளவைத்தான் எழுதினேன். அரைப் பக்கம்கூட வரவில்லை. என் மனத்திலிருந்து எடுத்து நான் எழுதிய முதல் வாக்கியங்கள் அவை.

நீ நல்ல மதிப்பெண்ணோடு தேறினாய். நான் தேறினேன் என்று மட்டும் சொல்லலாம். தையில் கல்யாணம் நடக்கவில்லை. மாமா வேறு இடத்தில் பெண் பார்த்துக்கொண்டார்.

முதலில் தேறியிருந்த ஒரு பிள்ளை இந்தத் தடவை தவறிப்போனாள். நன்றாகப் பாடுவாள், இங்கிலீஷும் நன்றாக வாசிப்பாள். அவளுடைய அம்மா வாசலில் நின்று உன்னை வாய்க்கு வந்தபடி ஏசினாள். நீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாய். பின்னால் ஒருநாள், “அன்னைக்கு நான் எந்திரிக்காம உட்கார்ந்திருந்தா அவ இங்க இருந்திருப்பா” என்று சொன்னாய். அந்தத் தேர்வு முழுக்க நியாயமானதுதானா என்று எனக்கு இன்றும் தெரியாது. எந்தத் தேர்வையும் முழுக்க நம்பாமல் இருக்க அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

பிறகு நான் சென்னைக்குப் போய் பி.ஏ. படித்தேன். நீ ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டுக் கடற்கரைப் பிள்ளைகளிடமே திரும்பிப் போனாய். எப்போதாவது சந்தித்தால் நீதான் பேசுவாய், நான் கேட்பேன். நான் தலைமையாசிரியை ஆனதைச் சொன்னபோது, “ஆளுக்கு ஏத்த வேலைதான். சிரிக்கவே வேண்டாம்” என்றாய். நன்றி என்ற சொல் நமக்குள் வந்ததே இல்லை. சொல்லியிருந்தால் நீ என்னைக் கேலி செய்திருப்பாய். அதற்குப் பயந்தே சொல்லாமல் விட்டேன்.

இப்போது எங்கள் சேர்க்கைக் குழுவில் ஆனி மாதம் தவறாமல் அதே சண்டை நடக்கிறது. ஒரு பக்கம் தரம் என்கிறார்கள், இன்னொரு பக்கம் இரக்கம் என்கிறார்கள். நான் இரண்டு பக்கமும் அதிகம் பேசுவதில்லை. சுழி விழுந்த தாள்களை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, எழுதிய பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, இது எதைப் பற்றி எழுதினாய் என்று கேட்கிறேன். பெரும்பாலும் படிக்காமல் வந்தவர்கள்தான். அந்தச் சுழியைத் திருத்தாமல் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். எப்போதாவது ஒருத்தி மட்டும் தலை நிமிர்ந்து, “எங்க ஊர்ல அப்படித்தான் டீச்சர் சொல்லுவோம்” என்கிறாள்.

அப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவளை உட்காரச் சொல்கிறேன்.